கேலிக்கு முறை உண்டு

தள்ளி உக்காருங்கண்ணே. மூணு பேரு சீட்டு இது, நீங்க என்னமோ பட்டா வாங்கி வேலி போட்ட மாதிரி பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அந்தப் பையத் தூக்கி மடியில வைங்க. ஆங், அப்படி. கோவிச்சுக்காதீங்க. எனக்கு வாய் முன்னாடி போயிரும், ஆளு பின்னாடிதான் வந்து சேருவேன்.

விருதுநகருக்கா? நானும் அங்கதான். அந்தப் பேப்பர மடிச்சு வைங்கண்ணே, அதுல இருக்க கொலை எல்லாம் நாளைக்கும் இருக்கும். நான் இருக்க மாட்டேன்.

முன்னாடி பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது சீட்டு. ரெட்டச் சடை, யூனிபார்மு. தெரியுதா? என் தங்கச்சி. நாச்சியார். பக்கத்துல மாம்பழக் கலர் சேலை, முதுகுல கம்பி வச்சுக் கட்டுன மாதிரி உக்காந்திருக்குல்ல, அது சவுந்தரம் டீச்சர். தமிழ். நான் இங்க உக்காந்திருக்கேன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டும் திரும்பாது. நான் ஏறுறப்ப டீச்சர் பாத்த பார்வை இருக்கே, பஸ்ஸுக்குள்ள ஆடு ஏறுனாக்கூட அப்படிப் பாக்க மாட்டாக.

மாவட்டப் போட்டி இன்னைக்கு. கட்டுரை எழுதி மேடையில நின்னு வாசிக்கணும். ஜெயிச்சா மேல சென்னை. சென்னையில ஜெயிச்சா காலேஜுப் படிப்புச் செலவ அவிங்களே பாத்துக்குவாய்ங்களாம். அதனால அம்மா சொல்லுச்சு, பொம்பளப் புள்ள, கூடப் போயிட்டு வாடா சோலைன்னு. என் பேரு சோலைராசு. வந்துட்டேன்.

கட்டுரைத் தலைப்பு என்ன தெரியுமா? 'நகைச்சுவை இலக்கியத்தில் வார்ப்புப் பாத்திரங்கள்.' கேட்ட ஒடனே சிரிப்பு வருதா? எனக்கும் வரல. வார்ப்புன்னா அச்சுண்ணே. செங்கல் அறுக்குற அச்சு மாதிரி. எந்தச் சிரிப்புக் கதைய எடுத்தாலும் அதே ஆளு வருவான்ல. கஞ்சன் ஒருத்தன், தின்னிப்பய ஒருத்தன், வாய்ச்சவடால் ஒருத்தன், மாமியா வீட்டுக்கு வந்த மக்கு மாப்பிள்ளை ஒருத்தன். அவிங்களப் பத்தி எழுதணும். நாலஞ்சு புஸ்தகம் தேடிப் படிக்கணும், அப்புறம் சொந்த ஊர்லருந்தும் ஒரு ஆளச் சொல்லணும், பேரு போடாம. இது டீச்சர் போட்ட உத்தரவு.

இந்த டீச்சருக்கும் சிரிப்புக்கும் என்னண்ணே சம்பந்தம்? நான் சொல்றேன் கேளுங்க. நான் பதினொண்ணாப்பு பாதியில விட்டேன். 'விட்டேன்'னு நான் சொல்றேன், அதுகிட்ட கேட்டா வேற சொல்லும். அதுக்கு எடது கால் கொஞ்சம் இழுக்கும். காலைல பிரேயர்ல அது வர்றதுக்கு முன்னாடி நான் அதே மாதிரி நடந்து காமிச்சேன். ஸ்கூலே உருண்டுச்சு. பி.டி. சாரே திரும்பி நின்னு சிரிச்சாரு, முதுகு குலுங்குச்சு. சிரிக்காதது அது ஒண்ணுதான். சிரிப்புன்னா என்னன்னே தெரியாத மனுசி, அது போயி சிரிப்பப் பத்திக் கட்டுரைக்குத் தலைப்புக் குடுக்குது. கெரகம்.

சரி, புஸ்தகத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல லைப்ரரி கெடையாது. பக்கத்து ஊர்லதான். நாச்சி ஸ்கூல் விட்டுப் போறதுக்குள்ள லைப்ரரி ஆளு பூட்டிட்டுப் போயிருவாரு. அதனால நான்தான் போகணும். அவ எங்கிட்ட கேக்கல. அம்மாகிட்ட சொன்னா, அம்மா எங்கிட்ட சொல்லுச்சு. எங்க வீட்டுல அப்படித்தான். நான் தண்ணி கேட்டாக்கூட அவ அம்மாகிட்டதான் செம்பக் குடுப்பா, அம்மா எங்கிட்ட குடுக்கும். எட்டாப்பு படிச்சப்பருந்து அப்படித்தான். அமைதியான புள்ள.

லைப்ரரில போயி, சார், சிரிப்புப் புஸ்தகம் வேணும்னேன். அந்த ஆளு கண்ணாடிக்கு மேல பாக்குறாரு.

"என்ன மாதிரி சிரிப்பு?"

"வாயத் தொறந்து சிரிக்கிற மாதிரி."

"எழுத்தாளர் பேரு?"

"பேரு தெரிஞ்சா நான் எதுக்கு சார் உங்களத் தொந்தரவு பண்றேன், நேரா அவரு வீட்டுக்கே போயிர மாட்டனா?"

சிரிப்பாருன்னு பாத்தேன். கையக் காமிச்சாரு. கடைசி அலமாரி, அடித்தட்டு, சித்த வைத்தியத்துக்குப் பக்கத்துல. "ஏன் சார், சிரிச்சு வயித்து வலி வந்தா மருந்து பக்கத்துலயே இருக்கட்டும்னா?"ன்னு கேட்டேன். "கார்டக் குடு"ங்கிறாரு. எறும்பு கூட மூஞ்சியக் கொஞ்சம் மாத்தும்ணே. அந்த ஆளு மூஞ்சி மாறல. அங்கயும் பாருங்க, சிரிப்புப் புஸ்தகத்துக்குக் காவல் வச்சிருக்கது சிரிக்காத ஆளு.

மண்டி போட்டு, கரையான் தட்டி, நாலு புஸ்தகம் எடுத்தேன். நான் வேலை பாக்குற மைக்செட்டு கொட்டாயில உக்காந்து பொரட்டிப் பாத்தேன். சும்மா பாத்தேன், படிக்கல. சரி, படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு கதைல கஞ்சன் வீட்டுக்கு விருந்தாளி வர்றான், கஞ்சன் தூங்குற மாதிரி நடிக்கிறான். விருந்தாளி என்ன பண்றான், அவன் பாயிலயே ஒருக்களிச்சுப் படுத்து, அவனுக்கு முன்னாடி கொறட்ட விட்டுர்றான். சரி, அது ஒண்ணு சிரிப்பு வந்துச்சு. இன்னொன்னுல வாய்ச்சவடால் ஒருத்தன், பேயவே கட்டி வச்சு அடிச்சேன்னு சொல்லிட்டு, பூனை குறுக்க வந்ததும் வேட்டிய விட்டுட்டு ஓடுறான். இந்த ஆளெல்லாம் நம்ம ஊர்லயே இருக்கான்ல? அம்மாகிட்ட வரிசையாச் சொல்லி விட்டேன். கஞ்சனுக்கு மளிகைக்கடை நாடாரு. தின்னிக்குப் பூசாரி. வாய்ச்சவடாலுக்கு எங்க மொதலாளி. இதெல்லாம் எழுதிக்கச் சொல்லும்மா, பேரு போடாட்டியும் ஊருக்கு ஆளு தெரியும்னேன். அவளும் எழுதுற சத்தம் கேட்டுச்சு. நான் சொல்றதத்தான் எழுதுறான்னு நெனச்சேன்.

எனக்கு இது கஷ்டமே இல்லண்ணே. ஒரு ஆளப் பாத்தா அவன எங்க கிள்ளணும்னு எனக்குத் தெரியும். எங்க பக்கம் கல்யாணம், காதுகுத்து, எது நடந்தாலும் மைக்கு என் கையிலதான். நீங்க கேலிமுறைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. யாரு யாரக் கேலி பண்ணலாம்னு கணக்கு உண்டுல்ல. மாமன், மச்சான், அத்தை மகன், கொழுந்தியா, இவிங்கள என்ன வேணா சொல்லலாம், கோவிக்கக் கூடாது. அவிங்களும் திருப்பிச் சொல்லுவாய்ங்க, நாமளும் கோவிக்கக் கூடாது. பங்காளியச் சொல்லக் கூடாது. கூடப்பொறந்ததச் சொல்லவே கூடாது. சொன்னா அது கேலி இல்ல, வசவு. எனக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்.

தெரிஞ்சுதான் சொன்னேன். எப்பன்னு கேளுங்க.

நாச்சிக்கு சடங்கு வச்சோம். எட்டாப்பு அப்ப. சடங்கு வீட்டுல தாய்மாமன் வந்து சீரு வச்சு, பொண்ண நாலு வார்த்தை கேலி பேசணும், அத்தை மகன் ரெண்டு எடுத்து விடணும், அப்பத்தான வீடு களை கட்டும். எங்க மாமன் திருப்பூர்ல இருக்கான். சீரக் குடுத்து விட்டுட்டு, லீவு இல்லன்னுட்டான். சொந்தம் எல்லாம் எழவு வீடு மாதிரி உக்காந்து உளுத்தங்களியத் தின்னுக்கிட்டு இருக்கு. பாத்தேன். மாமன் இல்லாத கொறைய யாரு தீக்குறது? மைக்க எடுத்தேன்.

"வந்த சனமெல்லாம் சீக்கிரம் தின்னு எந்திரிங்க. மிச்சம் வைக்கலாம்னு யாரும் கவலைப்படாதீங்க. எங்க வீட்டுல ஒரு களிச்சட்டி இருக்கு. ரெட்டச் சடை போட்ட களிச்சட்டி. அம்புட்டையும் உள்ள தள்ளிட்டு, இன்னும் இருக்கான்னு கேக்கும்!"

அவ அப்பக் கொஞ்சம் பூசுனாப்புல இருப்பா. சனம் சிரிச்சுச்சு பாருங்க! கெழவிக எல்லாம் கண்ணுல தண்ணி. கொழாய் ரேடியோ ரெண்டு பக்கமும் கட்டியிருந்துச்சு, மேலத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். அதுலருந்து அவளுக்கு அந்தப் பேரு நின்னுருச்சு. ஸ்கூல்ல களிச்சட்டி. கொழாயடியில களிச்சட்டி. பஸ்ஸுல கண்டக்டர் ஒருத்தன், "களிச்சட்டி எறங்கிருச்சா, ரைட்"டுங்கிறான். இப்ப பாருங்க, ஊசி மாதிரி இருக்கா. ராத்திரிச் சோறே எடுத்துக்க மாட்டா. அப்பவும் அதே பேருதான். ஒரு பேரு அப்படி நிக்குதுன்னா அது வச்சவன் தெறமைண்ணே. எத்தன பேருக்கு வரும் அது?

என்ன பாக்குறீங்க? சிரிங்கண்ணே. உங்களுக்கும் அந்த லைப்ரரி ஆளு சொந்தமா?

சரி. ஸ்கூல் ஆண்டு விழா வந்துச்சு. மைக்செட்டு எங்க மொதலாளிதுதான், ஆம்ப்ளிபயர்ல நான்தான் உக்காந்திருக்கேன். என்னைய வெளிய தள்ளுன ஸ்கூலுக்கு நான்தான் சத்தம் குடுக்கணும், எப்படி இருக்கு? மாவட்டத்துக்கு யார அனுப்புறதுன்னு அங்கதான் முடிவு. மூணு புள்ளைக வாசிச்சாக. மொத ரெண்டும் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதிக் கூட்டம் ஐஸ்வண்டிகிட்ட போயிருச்சு. மூணாவது நாச்சி.

கஞ்சனச் சொன்னா. நல்லாச் சொன்னா. அந்தப் பாயில படுக்குற கதையச் சொன்னா, நான் எடுத்துக் குடுத்த புஸ்தகம் அது. வாய்ச்சவடாலச் சொன்னா. மளிகைக்கடைக்காரரு, பூசாரி, எங்க மொதலாளி, ஒருத்தரும் வரல. நான் சொன்ன ஒரு ஆளக்கூடச் சேக்கல. அப்புறம் சொன்னா, "இதுவரை சொன்னவர்கள் புத்தகத்தில் இருப்பவர்கள். புத்தகத்தில் இல்லாத ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். அவர் பெயர் வீட்டுக் கோமாளி."

நான் ஒயரச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். அப்படியே நின்னுட்டேன்.

"மேடைக் கோமாளி தானே வழுக்கி விழுவான், நாம் சிரிப்போம். வீட்டுக் கோமாளி அடுத்தவரைத் தள்ளிவிடுவார், நம்மைச் சிரிக்கச் சொல்வார். கேலிக்கு ஒரு முறை உண்டு. மச்சானைக் கேலி செய்தால் மச்சான் திருப்பிக் கேலி செய்வான். அதனால்தான் கதைகளில் மாப்பிள்ளையும் மாமியாரும் மச்சினனும் வருகிறார்கள். அண்ணன் வருவதில்லை. அண்ணனைத் திருப்பிக் கேலி செய்யக் கூடப்பிறந்தவர்களுக்கு முறை இல்லை. வீட்டுக் கோமாளிக்கு இது நன்றாகத் தெரியும். திருப்பி அடிக்க முடியாத ஆளைப் பார்த்துத்தான் அவர் மைக்கை எடுப்பார்."

இது என்ன பெரிய கண்டுபிடிப்பாண்ணே? 'மைக்'குன்ன ஒடனே கூட்டத்துல எவனோ கத்துனான், "ஏலேய் சோலை, ஒன்னத்தான்டா!" அவ்வளவுதான். சிரிப்புன்னா சிரிப்பு. பி.டி. சாரு இந்தத் தடவை திரும்பக்கூட இல்ல, நேரா என்னையப் பாத்தே சிரிக்கிறாரு. ஐஸ்வண்டிகிட்ட நின்ன கூட்டம் எல்லாம் ஓடி வருது. நான் மைக்கு புடிச்ச காலத்துல அப்படி ஒரு சிரிப்பு வாங்குனதில்ல, சத்தியமா. ஊர நான் சிரிக்க வச்சிருக்கேன். ஊரு என்னைய வச்சுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அதுல டீச்சரும் சிரிச்சுச்சுண்ணே. பல்லுத் தெரிய. அதுக்குப் பல்லு இருக்குன்னே அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான் என்ன பண்ணுவேன்? குடும்ப விசயம் சந்தி சிரிக்குது. வீட்டு மானத்தக் காப்பாத்த வேணாமா? சத்தத்த எறக்குனேன். லைன் போச்சுன்னு கையக் காமிச்சேன். அவ என்னையப் பாத்தா. மைக்குக் கம்பிய ஓரமாத் தள்ளி வச்சுட்டு, மேடை நுனிக்கு வந்து நின்னு, விட்ட எடத்துலருந்து வாசிச்சா. மைக்கே இல்லாம! கூட்டம் கலையும்னு பாத்தேன். சேரத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்து உக்காருறாய்ங்க. மொதலாளி வந்து என் பொடதியில ஒண்ணு வச்சாரு. மறுநாளு வேலைக்கு வர வேணாம்னுட்டாரு. இப்ப ஊர்ல மைக்கு வேற எவன் கையிலயோ இருக்கு, பேசுறானா, வாந்தி எடுக்குறானான்னு தெரியல. என்னையப் பாத்தா சின்னப் புள்ளைக எல்லாம் "வீட்டுக் கோமாளி"ங்குது. நல்லா இருக்கா இது? அண்ணனுக்குப் பேரு வைக்கிறவளா ஒரு தங்கச்சி?

அதான் இன்னைக்கு வந்தேன். பாலவநத்தம் தாண்டிருச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அம்மா அனுப்பல. அம்மாவுக்குத் தெரியாது, அது மில்லுல இருக்கு. நானா வந்தேன். அவ அந்தப் பக்கத்துக்கு வருவால்ல, 'வீட்டுக் கோமாளி'ன்னு ஆரம்பிப்பால்ல, நான் பின்னாடிருந்து எந்திரிப்பேன். ரெண்டு கையையும் தூக்கி ஒரு கும்புடு. "நடுவர் அய்யாமாருக்கு வணக்கம். அந்தச் சரக்கு நான்தான், நேர்லயே வந்திருக்கேன். இந்தம்மா பேரு களிச்சட்டி. இவங்க கதைய நான் சொல்றேன், அப்புறம் யாருக்குப் பரிசுன்னு சொல்லுங்க!"ன்னு ஆரம்பிச்சேன்னு வைங்க, ஹாலு கிழிஞ்சிரும். அவ அதுக்கு மேல ஒரு வரி வாசிப்பாளா? பாத்துர்றேன். மைக்கு இருக்கட்டும், இல்லாமப் போகட்டும்.

'படிப்புச் செலவு போயிருமே தம்பி'யா? ஏண்ணே, என் பொழப்பு போச்சே, அத யாராச்சும் கேட்டீங்களா? நீங்களும் அந்தப் பக்கமா? பஸ்ஸு ஏறுனதுலருந்து ஒரு தடவை சிரிச்சீங்களா நீங்க? பல்லு வாடகைக்கா?

இருங்க. பேசாம இருங்க. எந்திரிச்சு வர்றா. இங்கதான் வர்றா. பேப்பர விரிங்கண்ணே, படிக்கிற மாதிரி உக்காருங்க.

போயிட்டாளா?

கேட்டீங்களா? காதுல விழுந்துச்சா உங்களுக்கு? எம்புட்டு அமைதியாச் சொல்லிட்டுப் போறா பாருங்க. நேரா என் மூஞ்சியப் பாத்துச் சொல்றா, அம்மா இல்லாம. "நீ ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. அங்க அஞ்சு நிமிசந்தான் வாசிக்க விடுவாங்க. எழுதுனது ஜாஸ்தியா இருந்துச்சு, யாரையாச்சும் கொறைக்கணும். உன்னக் கொறைச்சுட்டேன்." அம்புட்டுத்தான். டீச்சர் சொல்லுச்சான்னு கேட்டேன்ல, கேட்டீங்கள்ல? "டீச்சர் வைக்கத்தான் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். நீ இல்லாமயே கட்டுரை நல்லாத்தான் இருக்கு"ங்கிறா.

நல்லா இருக்காம்.

எப்படிண்ணே நல்லா இருக்கும்? அவ கஞ்சனச் சொன்னப்ப எவன் சிரிச்சான்? நான் பாத்தேன்ல, ஆம்ப்ளிபயர்ல உக்காந்து எல்லா மூஞ்சியையும் பாத்தேன்ல? வாய்ச்சவடாலுக்கு முன்வரிசையில ஒரு வாத்தியாரு கொட்டாவி விட்டாரு. ஐஸ்வண்டிகிட்டருந்து கூட்டம் எதுக்கு ஓடி வந்துச்சு? எனக்கு. சேரத் தூக்கிக்கிட்டு எதுக்கு வந்தாய்ங்க? எனக்குத்தான! நாலு புஸ்தகத்தையும் முழுசாப் படிச்சவன் நான். அதுல எதுலயும் அந்த மாதிரி ஒரு ஆளு கெடையாது. அச்சுல இல்லாத ஆளுண்ணே அது. அதப் போயி எடுப்பாங்களா? அறிவு வேணாம்?

விருதுநகர் வந்துருச்சு. எறங்குறாக பாருங்க ரெண்டு பேரும். டீச்சருக்குக் கையக் குடுத்து எறக்குறா.

அண்ணே, நீங்க படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க. நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க வெரசாப் போயி, யாரோ மாதிரிச் சொல்லுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க. கஞ்சன எடுத்துரச் சொல்லுங்கண்ணே. கஞ்சன ஒலகமே பாத்திருக்கு. அவனத் தூக்கிட்டு என்னைய வைக்கச் சொல்லுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்னு சொல்லுங்க. வெளிய நின்னுக்கிறேன்னு சொல்லுங்க.

போங்கண்ணே, பையி என்ன பையி, அத நான் பாத்துக்கிறேன். ஓடுங்க.